பத்துப் பெட்டிகளும் ஒரு விபரத்தாளும்: சேர்வர் புரொசசரின் வரலாற்றை மன்னாரில் இருந்து வாசித்தல்

ஒரு சேர்வர் புரொசசரை வாங்க முதல் எல்லாரும் பார்ப்பது அதின்ர விபரத்தாளைத்தான். ஒரு பக்கம், பத்துப் பதினைந்து வரி. கோர் எத்தனை, திரெட் எத்தனை, வேகம் எத்தனை கிகாஹேர்ட்ஸ், கேஷ் எத்தனை மெகாபைட், எத்தனை வோட், எத்தனை நனோமீற்றர். கடைசியில் விலை. இந்த எண்களை இயற்கை விதி மாதிரி எடுத்துக்கொண்டு, பெரிசு எண்டால் நல்லது, சின்னன் எண்டால் குறைவு எண்டு கடந்து போறதுதான் வழமை. ஆனால் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு வரலாறு இருக்கு. எங்கேயோ ஒரு இடத்தில் யாரோ ஒரு சல்லடையைப் பிடித்து, இது மேல், இது கீழ் எண்டு பிரித்திருக்கிறார்கள்.

சல்லடை எண்ட சொல்லை நாங்கள் அலங்காரத்துக்குப் போடவில்லை. ஒரே இடத்தில் விளைந்த ஒரே பொருளைச் சலித்து, தரம் பிரித்து, ஒவ்வொரு தரத்துக்கும் ஒரு பெயரும் ஒரு விலையும் வைக்கிற வேலை மன்னார்க் கரைக்குப் புதிதில்லை. முத்தை வைத்து அந்த வேலையைப் பல நூற்றாண்டாகப் பார்த்த கரை இது. அதனால் சிலிக்கன் வள்ளத்தாக்கில் இருந்து வருகிற ஒரு தாளை மன்னாரில் இருந்தபடி வாசித்தால் என்ன தெரியும் எண்டு பார்ப்பம்.

முத்தின் விபரத்தாள்

மன்னார்க் குடாவில் சிப்பி விளைகிற கடலடித் திட்டுகளைப் 'பார்' எண்டு சொல்லுவோம். அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டிக் கரையில் இருந்து இந்தப் பார்களுக்குப் படகு போகும். முதலாவது பிரித்தானிய ஆளுநர் பிரெடெரிக் நோர்த், முத்துக்குளிப்பைப் பார்வையிட எண்டே அரிப்பில் ஒரு மாளிகை கட்டினார். அல்லிராணிக் கோட்டைக்குப் பக்கத்தில், மண் அரித்துக் கடலுக்குள் சரிந்துகொண்டு நிற்கிற அந்தச் சுவர்களைப் போன ஆக்கள் பார்த்திருப்பீர்கள்.

20ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் வேலை நடந்த முறை இது. குளியாளி கல்லைக் காலில் மாட்டி இறங்குவார். மேலே ஒராள் கயிறு பிடித்தபடி நிற்பார். பின்னேரம் படகுகள் கரைக்கு வந்ததும், அள்ளின சிப்பியைக் 'கொட்டு' எண்ட வேலி அடைத்த இடத்துக்குள் கொண்டுபோய் மூன்று குவியலாகப் பிரிப்பார்கள். இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு, ஒரு பங்கு குளித்தவர்களுக்கு. பிறகு அரசாங்கத்தின் பங்கு ஆயிரம் ஆயிரமாக ஏலத்தில் போகும். 1905இல் மரிச்சுக்கட்டி முகாமில் நடந்த குளிப்பில் மட்டும் எட்டுக் கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன.

இதில் ஒரு விசயத்தைக் கவனியுங்கோ. ஏலம் எடுக்கிறவர் வாங்குவது மூடின சிப்பியை. உள்ளே முத்து இருக்கா இல்லையா எண்டு அவருக்கும் தெரியாது, விற்கிறவருக்கும் தெரியாது. சிப்பியை அழுகவிட்டு, கழுவி, அரித்து எடுத்த பிறகுதான் தெரியும்.

எடுத்த முத்தைத் தரம் பிரிக்கப் பத்துப் பித்தளைக் கிண்ணங்கள் இருந்தன. 'பெட்டி' எண்டுதான் அதுக்குப் பெயர். பத்தும் ஒரே அளவு. அடியில் இருக்கிற துளைகள்தான் வேறு. முதற் பெட்டியில் 20 பெரிய துளை. அடுத்து 30, 50, 80, 100, 200, 400, 600, 800. கடைசிப் பெட்டியில் 1000 சின்னத் துளை. எந்தப் பெட்டியில் முத்துத் தங்குதோ அந்த எண்தான் அதின்ர அளவு. அதுக்குப் பிறகு உருண்டையும் ஒளியும் பார்த்து இன்னொரு பிரிப்பு. உச்சத்தில் ஆணி முத்து, அடியில் தூள், நடுவில் வேறு பல பெயர்கள். பிறகு கழஞ்சு, மஞ்சாடிக் கணக்கில் எடை. நல்ல முத்தின் பெறுமதியைச் 'செவ்வு' எண்ட கணக்கால் பார்ப்பார்கள். அந்தக் கணக்கின் அடி, எடையின் வர்க்கம். எடை இரண்டு மடங்கானால் பெறுமதி இரண்டு மடங்கில்லை, நாலு மடங்கு.

இந்தத் தரம் பிரிப்பு பிரித்தானியர் கொண்டு வந்ததும் இல்லை. ஆயிரம் வருசத்துக்கு முதல் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு இராசராசன் கொடுத்த நகைகளைச் சொல்லுகிற கல்வெட்டுகளைப் பாருங்கோ. வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, கறடு, இரட்டை, சப்பத்தி எண்டு முத்தின் வகைகள் எண்ணிக்கையோடும் எடையோடும் வெட்டப்பட்டிருக்கு. எங்களைக் கேட்டால், தமிழில் கிடைக்கிற பழைய விபரத்தாள்களில் அதுவும் ஒண்டு.

இதில் இருந்து மூன்று விசயத்தை மனதில் வைத்துக்கொண்டு மேலே போவம். ஒண்டு, உள்ளே என்ன இருக்கு எண்டு தெரியாமலே முதற் செலவு நடக்குது. இரண்டு, ஒரே பாரில் விளைந்ததைப் பிறகு சலித்துத்தான் தரம் உண்டாகுது. மூன்று, விலை அளவோடு நேர்க்கோட்டில் ஏறுவதில்லை.

சிலிக்கன் பார்

புரொசசர் மணலில் இருந்து செய்யப்படுது எண்டு பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். உடனே மன்னார்த் தீவின் மணல் ஞாபகத்துக்கு வரும். இரண்டையும் குழப்பக் கூடாது. மன்னாரில் அகழ வேண்டும் எண்டு கம்பனிகள் கேட்கிற மணல் இல்மனைற். அதில் இருந்து வருவது தைத்தேனியம். சிப் செய்யத் தேவையானது மிகத் தூய படிகக்கல். சிலிக்கனை உருக்கி வளர்க்கிற பாத்திரத்துக்கு வேண்டிய உயர்தரப் படிகக்கல் பெரும்பாலும் அமெரிக்காவின் வட கரோலினாவில் ஸ்புரூஸ் பைன் எண்ட சின்ன ஊரில் இருந்து வருது. அங்கேயும் ஒரு சின்ன ஊர், அதின்ர நிலத்தில் உலகம் தங்கியிருக்கு.

அந்தச் சிலிக்கனை உருளையாக வளர்த்து, மெல்லிய வட்டத் தட்டாக அறுப்பார்கள். இதுக்கு வேஃபர் எண்டு பெயர். இப்ப பெரிய ஆலைகளில் பாவிக்கிற தட்டின் விட்டம் 300 மில்லிமீற்றர். ஒரு தட்டில் நூற்றுக்கணக்கான சிப்புகளை ஒரே நேரத்தில் அச்சடிக்கலாம். ஆனால் ஒரு தூசி, ஒரு படிகக் குறை போதும் ஒரு சிப் பழுதாக.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்பம். ஒரு தட்டில் 50 இடத்தில் குறை விழுந்திருக்கு எண்டு வையுங்கோ. அந்தத் தட்டை 100 பெரிய சிப்பாக வெட்டினால் 50 வரைக்கும் வீணாகலாம், பாதி போச்சு. அதே தட்டை 800 சின்னச் சிப்பாக வெட்டினால் போறது கூடினபட்சம் 50தான், பதினாறில் ஒரு பங்கு. பெரிய சிப்பின் விலை அதின்ர பரப்போடு மட்டும் ஏறாமல் அதுக்கும் மேலாக ஏறுகிறது இதனாலதான். செவ்வுக் கணக்கைப் பார்த்த எங்களுக்கு இது விளங்கக் கஷ்டமில்லை.

பழுதில்லாத சிப்புகளும் ஒரே மாதிரி இராது. ஒண்டு கூடின வேகத்தைத் தாங்கும். ஒண்டு அதே வேகத்துக்குக் கூட மின்சாரம் கேட்கும். ஒண்டில் எட்டுக் கோரில் ஏழுதான் வேலை செய்யும். எல்லாத்தையும் சோதித்து வேறு வேறு மொடல் நம்பரில் விற்பார்கள். தொழிலில் இதுக்கு 'பின்னிங்' எண்டு பெயர். பெட்டி பெட்டியாகப் போடுவதுதான் அது.

நாலு திகதிகள்

சேர்வருக்கெண்டு தனிப் புரொசசர் எண்ட எண்ணம் சாதாரண கணினி உலகுக்கு வந்தது 1990களில். அதுக்கு முதல் பெரிய கணினிகள் ஐபிஎம் போன்ற கம்பனிகளின் தனி உலகம். வீட்டுக் கணினியின் குடும்பத்தில் பிறந்த சிப், வங்கிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் பிறகு முழு இன்ரநெற்றுக்கும் உழைக்கத் தொடங்கிய கதையை நாலு திகதியில் சொல்லலாம். அந்த நாலு நேரமும் எங்கட பக்கம் என்ன நடந்தது எண்டதையும் பக்கத்தில் எழுதுகிறோம். வரலாறு எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் ஓடாது எண்டதுக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

1995 கார்த்திகை 1. இன்ரெல் 'பென்ரியம் புரோ'வை வெளியிட்டது. 55 இலட்சம் டிரான்சிஸ்டர், 150 தொடக்கம் 200 மெகாஹேர்ட்ஸ். இதின்ர விசேசம், கேஷ் நினைவகத்தைப் புரொசசரோடு ஒரே பொதிக்குள் வைத்தது. கேஷ் எண்டால், அடிக்கடி தேவைப்படுகிற தரவைப் பக்கத்திலேயே வைத்திருக்கிற சின்ன, வேகமான நினைவகம். ஆனால் இரண்டும் தனித்தனிச் சிப். பொதிக்குள் ஒட்டின பிறகுதான் முழுசாகச் சோதிக்கலாம். இரண்டில் ஒண்டு பழுதெண்டாலும் முழுப் பொதியும் குப்பைக்கு. மூடின சிப்பியை ஏலத்தில் எடுத்த கதைதான். விலை கூடினதுக்கு அதுவும் ஒரு காரணம். எண்டாலும் அமெரிக்காவின் அஸ்கி ரெட் எண்ட கணினி ஆயிரக்கணக்கான பென்ரியம் புரோக்களைச் சேர்த்து, வினாடிக்கு ஒரு இலட்சம் கோடி கணக்கு எண்ட எல்லையை முதன்முதலாகத் தாண்டியது. அந்தச் சிப் வெளிவந்ததுக்கு இரண்டு நாள் முதல், ஐப்பசி 30, வலிகாமம் முழுதும் இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கும் வன்னிக்கும் நடந்துகொண்டிருந்தது.

1998 ஆனி. 'பென்ரியம் II சியோன்'. சேர்வர் எண்டால் சியோன் எண்டு ஆன பெயர் அங்கே தொடங்குது. 400 மெகாஹேர்ட்ஸ். உள்ளே இருந்த கோர் சாதாரண பென்ரியம் IIஇல் இருந்ததேதான். வித்தியாசம், கேஷ் கூட, அது கோரின் முழு வேகத்திலும் ஓடும், நாலு புரொசசரை ஒரே கணினியில் சேர்க்கலாம். ஒரே பாரில் விளைந்தது, வேறு பெட்டி. வன்னியில் அப்ப ஜெயசிக்குறு நடவடிக்கை இரண்டாம் வருசத்தில். மடுவில் அகதிகள்.

2003 சித்திரை 22. ஏஎம்டியின் 'ஒப்ரெரோன்'. இதுக்கு இரண்டு வருசம் முதல் இன்ரெல், எச்பியோடு சேர்ந்து 'இற்றேனியம்' எண்ட 64 பிற் புரொசசரை இறக்கியிருந்தது. பழைய மென்பொருளை எல்லாம் விட்டுப் புதிசாகத் தொடங்க வேண்டும் எண்டது அதின்ர நிபந்தனை. ஒப்ரெரோன் எதிர்ப்பக்கம் நிண்டது. பழைய 32 பிற் மென்பொருளும் அப்படியே ஓடும், 64 பிற்றும் ஓடும். நினைவகக் கட்டுப்பாட்டையும் சிப்புக்குள்ளேயே வைத்தது. சந்தை ஒப்ரெரோனின் வழியை எடுத்தது. அடுத்த வருசமே இன்ரெல்லும் தன்ர சியோனில் அதே வழிக்கு வந்தது. இற்றேனியம் 2021 வரைக்கும் இழுபட்டு முடிஞ்சுது. ஒப்ரெரோன் வெளிவந்ததுக்கு முதல்நாள், சித்திரை 21, சமாதானப் பேச்சில் இருந்து புலிகள் விலகியிருப்பதாக அறிவித்தார்கள்.

2009 பங்குனி 30. 'நெஹாலெம்' வடிவமைப்பில் சியோன் 5500 வரிசை. நாலு கோர், 8 மெகாபைட் கேஷ். இன்ரெல்லும் நினைவகக் கட்டுப்பாட்டைச் சிப்புக்குள் கொண்டு வந்தது. இன்றைக்குக் 'கிளவுட்' எண்டு சொல்லுகிற வியாபாரம் இந்தத் தலைமுறைச் சிப்புகளில்தான் வளர்ந்தது. அந்தப் பங்குனியில் முல்லைத்தீவுக் கரையில் என்ன நடந்தது எண்டு நாங்கள் எழுதத் தேவையில்லை.

மன்னாரை மட்டும் எடுத்தாலும் கணக்கு இதுதான். 1990இல் பாலம் உடைந்தது, தலைமன்னார் ரயில் நிண்டது. அதே வருசம் ஐப்பசியில் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். முத்து முகாம் நடந்த மரிச்சுக்கட்டியின் ஆக்களும் அதில் அடக்கம். புதுப் பாலம் 2010 பங்குனியில். ரயில் தலைமன்னார் இறங்குதுறை வரைக்கும் திரும்ப வந்தது 2015 பங்குனியில். பென்ரியம் புரோவின் ஒரு கோரில் இருந்து 2014இல் வந்த சியோனின் 18 கோர் வரைக்கும், அந்தக் கதை முழுதும் எங்கட ரயில் இல்லாத 25 வருசத்துக்குள் முடிஞ்சிட்டுது. கணினித் துறையில் எங்கட பொடியள் பின்தங்கினவை எண்டு கதைக்கிற ஆக்கள், இந்த இரண்டு நிரலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுக் கதைக்கலாம்.

வேகம் நிண்ட இடம்

மேலே சொன்ன கதையில் ஒரு திருப்பம் ஒளிந்திருக்கு. 1995இல் 200 மெகாஹேர்ட்ஸ். 2004 அளவில் 3 கிகாஹேர்ட்ஸைத் தாண்டியாச்சு. அதே வேகத்தில் ஏறியிருந்தால் இன்றைக்கு எங்கேயோ நிண்டிருக்க வேண்டும். ஆனால் இன்றைய சேர்வர் புரொசசரின் அடிப்படை வேகம் பலதில் 2க்கும் 3க்கும் நடுவில்தான். ஏன்?

ஐபிஎம்மில் இருந்த ரொபேட் டென்னார்ட் 1974இல் சொன்ன ஒரு விதி இருக்கு. டிரான்சிஸ்டரைச் சின்னனாக்கினால், மின்னழுத்தத்தையும் அதே அளவு குறைக்கலாம். அதனால் ஒரே பரப்பில் கூடுதலான டிரான்சிஸ்டரைக் கூடின வேகத்தில் ஓட்டினாலும் வெப்பம் ஏறாது. முப்பது வருசம் தொழில் ஓடினது இந்த விதியில். 2000களின் நடுவில் மின்னழுத்தத்தை மேலும் குறைக்க ஏலாமல் போச்சு. குறைத்தால் மின்சாரம் கசியும். வேகத்தைக் கூட்டினால் சிப் சூடாகும். 4 கிகாஹேர்ட்ஸ் பென்ரியம் 4ஐ இன்ரெல் 2004இல் கைவிட்டது. ஒரு கோரை வேகமாக்க ஏலாது எண்டால், இரண்டு கோர் போடுவம் எண்டதுதான் அடுத்த வழி. 2005இல் இரட்டைக் கோர் ஒப்ரெரோனும் இரட்டைக் கோர் சியோனும் வந்தன.

ஆக, விபரத்தாளில் 'கோர்' எண்ட வரி முதலிடத்துக்கு வந்தது ஒரு வெற்றியாலே இல்லை, ஒரு தடையாலே. சேர்வருக்கு அது பொருந்திப் போச்சு. வீட்டில் ஒராள் ஒரு வேலை செய்கிறார். சேர்வரிலோ ஆயிரம் பேர் ஆயிரம் சின்ன வேலை கேட்கிறார்கள். ஒரு கெட்டிக்காரத் தையல்காரரை விட நூறு சாதாரணத் தையல்காரர் அங்கே பிரயோசனம்.

ஒரு தாளை வாசிப்பம்

கோரைக் கூட்டக் கூட்டச் சிப் பெரிதாகும். பெரிதானால் பழுது கூடும். மேலே போட்ட 50 குறைக் கணக்கு திரும்ப வருது. 2017 ஆனியில் ஏஎம்டி 'எபிக்' வரிசையோடு இதுக்கு ஒரு வழி சொன்னது. 32 கோரை ஒரே சிப்பாகச் செய்யாமல், எட்டுக் கோர் வீதம் நாலு சிப்பைச் செய்து ஒரே பொதிக்குள் சேர்த்தது. 2019இல் கோர்களுக்குத் தனிச் சின்னச் சிப்பும், உள்ளீடு வெளியீட்டுக்கு நடுவில் ஒரு தனிச் சிப்பும் எண்டு பிரித்து 64 கோருக்குப் போனது. இந்தச் சின்னத் துண்டுகளைச் 'சிப்லெற்' எண்பார்கள்.

2022 கார்த்திகையில் வந்த 'ஜெனோவா' தலைமுறையை உதாரணத்துக்கு எடுப்பம். அதில் எபிக் 9654 எண்ட மொடல். 96 கோர், 192 திரெட், அடிப்படை வேகம் 2.4 கிகாஹேர்ட்ஸ், உச்சம் 3.7, கேஷ் 384 மெகாபைட், 360 வோட், டிடிஆர்5 நினைவகத்துக்கு 12 வழி, வெளியீட்டு விலை 11,805 டொலர். ஒரு சிப்லெற்றில் 8 கோரும் 32 மெகாபைட் கேஷும். 12 சிப்லெற்றைப் பெருக்கினால் 96ம் 384ம் வருது.

இப்ப அதே குடும்பத்தில் 9634. கோர் 84, கேஷ் அதே 384. 84ஐப் பன்னிரண்டால் பிரியுங்கோ, ஏழு. அதாவது ஒவ்வொரு சிப்லெற்றிலும் ஒரு கோர் மூடப்பட்டிருக்கு. எட்டில் ஏழு நல்லதாக வந்த சிப்லெற்றுகள் குப்பைக்குப் போகாமல் இந்தப் பெட்டியில் தங்குது. இது நியாயமான சல்லடை. வீண் குறையுது, வாங்குகிறவருக்கும் நட்டமில்லை.

அடுத்து இரண்டு 16 கோர் மொடலைப் பாருங்கோ. 9124இன் விலை 1,083 டொலர், கேஷ் 64 மெகாபைட், வேகம் 3.0 கிகாஹேர்ட்ஸ். 9174எஃப் எண்டதின் விலை 3,850 டொலர், கேஷ் 256 மெகாபைட், வேகம் 4.1. இரண்டுக்கும் கோர் 16தான். ஒரு கோருக்கு எவ்வளவு எண்டு பிரித்தால் முதலாவதில் 68 டொலர், இரண்டாவதில் 241, உச்ச மொடல் 9654இல் 123. ஒரே ஆலை, ஒரே வடிவமைப்பு.

256 மெகாபைட் கேஷுக்கு எட்டுச் சிப்லெற் வேண்டும். எட்டுச் சிப்லெற்றில் 64 கோர் இருக்கு. அதில் 48ஐ மூடிவிட்டு 16ஐ விற்கிறார்கள். 48ம் பழுதாக இருக்க வழியில்லை. பின்னே ஏன்? பெரிய தரவுத்தள மென்பொருட் கம்பனிகள் பல, உரிமக் கட்டணத்தைக் கோர் எண்ணிக்கைக்குத்தான் வாங்குகின்றன. கோர் குறைய, ஒவ்வொண்டும் வேகமாக இருந்தால் மென்பொருட் செலவு மிச்சம். சிப்பின் விபரத்தாளில் ஒரு வரி, வேறொரு கம்பனியின் பில்லுக்கு ஏற்ற மாதிரி எழுதப்படுது.

எந்தச் சல்லடை ஆருடையது

இங்கேதான் எங்கட வாதம். விபரத்தாளில் உள்ள எண்கள் இரண்டு வகை. சில எண்கள் பொருளில் இருந்து வருகின்றன. சில எண்கள் விற்கிறவரின் மேசையில் இருந்து வருகின்றன. தாள் இரண்டையும் ஒரே எழுத்தில் அச்சடிக்குது.

நினைவகப் பிழை திருத்தத்தை எடுங்கோ. விண்வெளியில் இருந்து வருகிற துகள் ஒண்டு பட்டாலே நினைவகத்தில் ஒரு 0, 1 ஆக மாறலாம். அதைக் கண்டுபிடித்துத் திருத்துகிற ஏற்பாட்டுக்கு ஈசிசி எண்டு பெயர். வங்கிக் கணக்கோ ஆசுப்பத்திரிப் பதிவோ இருக்கிற சேர்வருக்கு இது கட்டாயம். 2011இல் இன்ரெல்லின் சியோன் ஈ3 வரிசையும் மேசைக்கணினிக்கான கோர் ஐ7ம் ஒரே சிலிக்கன் வடிவமைப்பு. ஆனால் ஈசிசி வேண்டும் எண்டால் சியோன் வாங்க வேண்டும். ஐ7இல் அது இல்லாதது சிலிக்கனின் குறையில்லை, பெட்டியின் பெயர்தான் காரணம்.

'நனோமீற்றர்' எண்ட வரி இன்னும் வேடிக்கை. ஒரு காலத்தில் அது டிரான்சிஸ்டரின் உண்மையான ஒரு அளவைக் குறித்தது. இப்ப '5 நனோமீற்றர்' எண்ட சிப்பை நுணுக்குக்காட்டியில் பார்த்தால் 5 நனோமீற்றர் எண்டு சுட்டிக்காட்டக்கூடிய பாகம் அதில் இல்லை. அது ஒரு தலைமுறையின் பெயர் மட்டும். மன்னாரின் 20ஆம் பெட்டியில் துளையை எண்ணினால் 20 இருந்தது. அந்த நேர்மை இந்த எண்ணில் இல்லை.

எண்கள் எல்லையாகும்போது

விபரத்தாள் விலையை மட்டும் தீர்மானிக்கிறதில்லை, ஆருக்குக் கிடைக்கும் எண்டதையும் தீர்மானிக்குது. 2022 ஐப்பசியில் அமெரிக்கா போட்ட விதிகளில், குறிப்பிட்ட கணிப்பு வலுவையும் தரவு வேகத்தையும் தாண்டின சிப்புகளை அனுமதியில்லாமல் சீனாவுக்கு விற்க ஏலாது எண்டு இருந்தது. தாளில் ஒரு எண் கூடினால் துறைமுகத்தில் பொருள் நிற்கும். பற்றரி, எரிபொருள், சீமெந்து எண்டு தடைப் பட்டியலோடு வாழ்ந்த ஊர்களின் ஆக்களுக்கு, ஒரு பட்டியல் என்ன செய்யும் எண்டு ஒருத்தரும் படிப்பிக்கத் தேவையில்லை.

இந்தியாவுக்கும் அந்த அனுபவம் இருக்கு. 1980களில் கேட்ட கிரே சுப்பர் கணினியைக் கேட்டபடி கொடுக்க அமெரிக்கா சம்மதிக்கவில்லை. 1988இல் சி-டாக் நிறுவனம் தொடங்கப்பட்டது. விஜய் பட்கர் தலைமையில் 1991இல் 'பரம் 8000' வந்தது. சந்தையில் கிடைத்த சின்னப் புரொசசர்களைக் கூட்டமாகச் சேர்த்துப் பெரிய வேலை வாங்குகிற வழி அது. கோர் எண்ணிக்கையைக் கூட்டுகிற இன்றைய வழிக்கும் அதுக்கும் உறவு இருக்கு.

எங்களுக்குக் கிட்டின கரையில் நடந்ததையும் சொல்ல வேண்டும். சென்னை ஐஐடியில் பேராசிரியர் காமகோடி தலைமையிலான குழு 'சக்தி' எண்ட புரொசசர் குடும்பத்தை வடிவமைத்தது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 2010இல் தொடங்கிய ரிஸ்க்-ஃபைவ் எண்ட திறந்த கட்டளைத் தொகுதிதான் அதுக்கு அடி. ஆரும் கட்டணம் இல்லாமல் பாவிக்கலாம். 2018இல் சக்திச் சிப் ஒண்டு இன்ரெல்லின் ஒரிகன் ஆலையில் 22 நனோமீற்றரில் அச்சானது. இன்னொண்டு சண்டிகரில் இருக்கிற இந்திய அரச ஆலையில் 180 நனோமீற்றரில். சின்னக் கருவிக்கான வகுப்புகளில் இருந்து சேர்வர் வகுப்பு வரைக்கும் அந்தத் திட்டத்தில் இடம் வைத்திருக்கிறார்கள். சி-டாக் தனியாக 'ஓம்' எண்ட சேர்வர் புரொசசரை அறிவித்தது. அதின்ர தாளில் 96 ஆர்ம் கோர், 5 நனோமீற்றர். அச்சடிக்கிற ஆலை தைவானின் டிஎஸ்எம்சி.

முத்துக் கதையோடு இதையும் சேர்த்துப் பாருங்கோ. வடிவமைக்கிறவர் ஒராள், கட்டளைத் தொகுதியின் சொந்தக்காரர் வேறொராள், அச்சடிக்கிறவர் மூன்றாமாள். ஏஎம்டியே 2009இல் தன்ர ஆலைகளைப் பிரித்து விட்டுவிட்டது. குளியாளி, பாருக்குச் சொந்தம் கொண்டாடின அரசு, பெட்டி வைத்திருந்த வியாபாரி எண்டு பிரிந்து கிடந்த தொழில்தான் முத்தும். ஆகக் கஷ்டமான வேலை பார்த்தது குளியாளி. அவர் கையில் சிப்பி இருந்தது, பெட்டி இருக்கவில்லை.

360 வோட்டும் எங்கட காற்றும்

தாளில் கடைசியாக ஒரு வரி, வோட். பென்ரியம் புரோ 35 வோட் அளவில் ஓடினது. ஜெனோவா 360. 2024 ஐப்பசியில் வந்த எபிக் 9965இல் 192 கோர், 500 வோட்.

தம்பபவனி காற்றாலைத் தொகுதி மன்னார்த் தீவின் தென்கரையில் 2020 மார்கழியில் திறக்கப்பட்டது. 30 காற்றாலை, ஒவ்வொண்டும் 3.45 மெகாவோட், மொத்தம் 103.5 மெகாவோட். ஒரு காற்றாலை முழு வலுவில் சுழலும்போது 6,900 சிப்புகளுக்கு மின்சாரம் கொடுக்கலாம். முப்பதும் சேர்ந்தால் 2 இலட்சத்து 7 ஆயிரம். அதுவும் குளிரூட்டலைச் சேர்க்காமல், காற்று ஓயாமல் அடித்தால். உலகத்தின் பெரிய தரவு நிலையங்கள் இப்ப நூறு மெகாவோட் கணக்கில்தான் மின்சாரம் கேட்கின்றன. அதாவது மன்னாரின் முழுக் காற்றும் ஒரு கட்டடத்துக்குப் போய்விடும்.

2025 ஆவணியில் மன்னார் ஆக்கள் புதுக் காற்றாலைகளுக்கும் மணல் அகழ்வுக்கும் எதிராக வீதியில் இருந்தார்கள். மழைவெள்ளம் ஓடுகிற வழி, மீன்பாடு, பறவைகள் வந்து போகிற பாதை எண்டு அவர்கள் சொன்ன காரணங்கள் எந்த விபரத்தாளிலும் நிரலாக இல்லை. மெகாவோட்டுக்கு நிரல் இருக்கு, நிலத்தடி நீருக்கு இல்லை.

தூத்துக்குடியில் இருந்து கல்கிசைக்குப் போகிற பாரத் லங்கா கண்ணாடியிழைக் கேபிள் 2006இல் மன்னார்க் குடா ஊடாகத்தான் போடப்பட்டது. காற்று இருக்கு, கடல் இருக்கு, கேபிளும் தூரமில்லை, ஒரு தரவு நிலையம் போடுவம் எண்டு நாளைக்கு ஆரும் வந்து ஒரு தாளை நீட்டலாம். வேண்டாம் எண்டுதான் சொல்ல வேண்டும் எண்டு நாங்கள் வாதிடவில்லை. வேலை தேவை, படித்த பொடியளும் பெட்டையளும் இங்கேயே நிற்க ஒரு காரணம் தேவை. ஆனால் அந்தத் தாளிடம் மூன்று கேள்வி கேட்க வேண்டும். இதில் எந்த எண் பொருளில் இருந்து வருது, எந்த எண் விற்கிறவரின் மேசையில் இருந்து வருது? எந்தச் செலவுக்கு இதில் நிரலே இல்லை? சலிக்கிற பெட்டி ஆரின்ர கையில் இருக்கு?

1906இல் ஒரு லண்டன் கம்பனி மன்னார் முத்துப் பார்களை 20 வருசக் குத்தகைக்கு எடுத்தது. முதல் வருசங்களின் சிப்பிக் கணக்கு கையில் இருந்தது. பேராசிரியர் ஹேர்ட்மனின் ஐந்து பாக ஆய்வறிக்கையும் இருந்தது. தாளில் எல்லாம் சரி. 1907க்குப் பிறகு பார் சிப்பி தரவில்லை. குத்தகைக் காலம் முடிய முதலே கம்பனி கலைந்து போச்சு. லண்டனில் பங்கு வாங்கினவர்களுக்குப் போனது காசு. மரிச்சுக்கட்டியில் முகாமை நம்பியிருந்த ஆக்களுக்கு அடுத்த பருவமே இல்லாமல் போனது.